மூன்றாம் வகைக் கல்

“எத்தனை கல்லைக் கொண்டுவந்தாலும் ஒரே பேரைத்தான் எழுதுதீங்க, டீச்சர்” என்றார் சுடலைமணி.

எஸ்தர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிறம் வேற, எடை வேற, கிடந்த இடம் வேற. கடைசியில சீட்டைப் பார்த்தா அதே ‘எச் ஐந்து’. இதுக்கா நான் வெயில்ல அலையுதேன்?”

எஸ்தர் எழுந்தார். தம் நாற்காலியைக் காட்டினார். சுடலைமணி உட்கார்ந்து, குனிந்து பார்த்தார்.

“என்ன தெரியுது, அண்ணாச்சி?”

“எச் ஐந்து.”

“பேரைக் கேக்கலை. என்ன தெரியுதுன்னு கேட்டேன்.”

அவர் மறுபடி பார்த்தார். நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சின்னச் சின்னத் துண்டுகள். நடுவே எங்கோ ஒரு வட்டம் மாதிரி. வட்டம் என்று சொல்லலாமா கூடாதா என்று அவருக்குப் புரியவில்லை. அதையே சொன்னார்.

“அதைப் பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு எஸ்தர் டீ போடப் போனார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

*

சுடலைமணி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தவர். பணியின் கடைசிக் காலத்தில் இந்தப் பாலைவனத்தில்தான் இருந்தார். பழைய சண்டைகளின்போது புதைத்துவிட்டு மறந்துபோன கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது அவர் வேலை. மணலின் மேல் எது அங்கேயே பிறந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சொல்ல முடியாதவர்கள் அந்த வேலையில் நெடுநாள் இருப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குப் போகவில்லை. என்ன செய்கிறாய் என்று தொலைபேசியில் கேட்ட சொந்தக்காரர்களிடம், வானத்திலிருந்து விழுந்த கல்லைப் பொறுக்குகிறேன் என்றார். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை.

எஸ்தருக்கு அவரைவிட வயது குறைவு. நாசரேத்தில் பிறந்தவர். பாலைவனத்து ஊர் ஒன்றின் கடைசித் தெருவில், விண்கற்களை வகை பிரிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும், தனக்குத் தெரியாததைச் சொல்லித்தருகிறவரை டீச்சர் என்று கூப்பிட்டுத்தான் சுடலைமணிக்குப் பழக்கம்.

வகை பிரிக்கும் விதத்தை எஸ்தர் பொங்கலை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

இந்தக் கற்களுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். சூரியன் புதிதாக இருந்த காலத்தில், கிரகங்கள் எதுவும் உண்டாவதற்கு முன்பு, அதைச் சுற்றி வெறும் புழுதிதான் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் புழுதி எப்படியோ உருகி, துளித்துளியாக உறைந்தது. உறைந்த துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாயின. அதன் பிறகு பல கற்கள் உள்ளுக்குள்ளேயே வெந்தன. அதிகம் வெந்தது ஆறாம் வகை. அது குழைந்த பொங்கல். அரிசி எது, பருப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் வகையில் அரைகுறையாகத் தெரியும். மூன்றாம் வகை வேகவே இல்லாதது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து, கல்லில் இரும்பு கூடவா குறையவா என்பதைச் சொல்லும். எச் என்றால் கூட, எல் என்றால் குறைய.

“மூணாம் வகை கிடைச்சா என்ன செய்வீங்க, டீச்சர்?” என்று அவர் ஒருநாள் கேட்டிருந்தார்.

எஸ்தர் பின்கட்டில் பூட்டியிருந்த ஓர் அறையைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த அறைக்குள் சுடலைமணியை அவர் விட்டதே இல்லை. சாமி அறை மாதிரி ஏதோ என்று எண்ணி சுடலைமணியும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆனால் அந்தப் பார்வை அவருக்குள் தங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் பாலைவனத்துக்குப் போனதெல்லாம் மூன்றாம் வகையைத் தேடித்தான்.

*

காற்று பெரிதாக அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அது கிடைத்தது.

மணல் விலகிப்போன கெட்டித் தரையில், எலுமிச்சம்பழம் அளவில், கறுப்பாக உட்கார்ந்திருந்தது. பாலைவனத்தில் கறுப்புக் கற்களுக்குப் பஞ்சமில்லை. வெயில் எல்லாவற்றையும் கறுக்க வைத்துவிடும். ஆனால் அவையெல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கும். இது மினுங்கவில்லை. அடுப்புக்கரியை நனைத்துக் காயவைத்ததுபோல இருந்தது. ஒரு முனை மட்டும் சில்லு பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. துரு என்பது பேருக்குக்கூட இல்லை.

சுடலைமணி நின்ற இடத்திலேயே நின்றார்.

அவர் கையில் கம்பு இருந்தது. கம்பின் நுனியில், நாணயம் அளவுக்கு, ஆனால் மிகவும் பலமான ஒரு காந்தம். விண்கல் தேடுகிற எல்லோரிடமும் அப்படி ஒரு கம்பு இருக்கும். வானத்துக் கல்லில் பெரும்பாலும் இரும்பு உண்டு. குனியாமலே நுனியால் தொட்டுப் பார்க்கலாம். இழுத்தால் எடுத்துக்கொள்ளலாம். இழுக்காவிட்டால் மேலே நடக்கலாம்.

எஸ்தர் முதல் நாளே சொல்லியிருந்தார். முதலில் கண். அப்புறம் கை. காந்தம் கடைசி, அதுவும் சந்தேகம் இருந்தால் மட்டும்.

கண்ணைப் பழக்குவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று சுடலைமணி எடுத்துக்கொண்டார். குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கும்போது பட்டாளத்திலும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். அவர் அதை ஏறக்குறைய கடைப்பிடித்தும் வந்தார்.

அன்று அவர் கம்பை நீட்டினார்.

நுனி கல்லை நெருங்கியது. டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவர் சிரித்தார். சுற்றிலும் யாருமில்லை. ஆனாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்லைப் பிடுங்கித் துணியில் சுற்றிக்கொண்டார்.

*

எஸ்தர் கல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  அதைக் கீழே வைக்கவே இல்லை.

வெட்டும்போது பொறுமையாக வெட்டினார். ஓர் ஓரத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தார். இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் சுடலைமணி வாசலைக் கூட்டினார், ஓட்டைக் குழாயைச் சரிசெய்தார், கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று எஸ்தர் ஒருமுறை சொன்னார். அடுத்த முறை சர்க்கரையே போடவில்லை. அப்போது எஸ்தர் எதுவும் சொல்லவில்லை. அவர் மனம் அந்தச் சீவலில் இருக்கிறது என்று சுடலைமணிக்குப் புரிந்தது.

பிறகு ஒருநாள் எஸ்தர் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது நாற்காலியைக் காட்டினார்.

சுடலைமணி பார்த்தார்.

வட்டங்கள். ஒன்று, இன்னொன்று, எங்கு பார்த்தாலும் வட்டங்கள். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல விளிம்புகள். ஒன்றுக்குள் விசிறி மாதிரிக் கோடுகள். இன்னொன்றுக்குள் கண்ணாடியைப் போல எதுவோ. எதுவும் எதனோடும் குழையவில்லை.

“என்ன தெரியுது, அண்ணாச்சி?”

“வட்டம்தான், டீச்சர்.”

“அதேதான்” என்றார் எஸ்தர்.

சீட்டை எடுத்து எழுதினார். ‘எல் மூன்று.’ எழுதியதை அவர் பக்கம் திருப்பி வைத்தார். தன் கண்ணால் தேடிய கல்லுக்கு ஒரு புதுப் பெயர் வந்திருப்பதைச் சுடலைமணி எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மறுபடி மறுபடி படித்தார்.

அப்போதுதான் எஸ்தர் கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“காந்தம் வச்சீங்களா?”

பேனாவை மூடாமல் பிடித்திருந்தார்.

கண்ணை நம்பாமல் காந்தத்தை நம்பினீர்களா என்று கேட்கிறார் என்றுதான் சுடலைமணி நினைத்தார். இப்படி ஒரு கல்லைக் கொண்டுவந்த அன்றைக்கா அதை ஒப்புக்கொள்வது?

“இல்லை” என்றார்.

*

எஸ்தர் பேனாவை மூடினார். அப்புறம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து சுடலைமணி பார்த்ததில்லை. பல் தெரிய, சின்னப் பிள்ளைபோல.

மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, இதுவரை சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தத் துளிகளுக்குள் இரும்புப் பொடி இருக்கிறது. துளி சூடாக இருக்கும்வரை அதற்குத் திசை கிடையாது. ஆறும்போது, அந்த நேரத்தில் சுற்றிலும் காந்தப்புலம் ஏதாவது இருந்தால், அதன் திசையையும் பலத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு அப்படியே இறுகிவிடும். பிறகு வேகாமல் இருந்தால், எத்தனை காலம் ஆனாலும் அதை விடாது. பூமி உண்டாகும் முன்பே நடந்த சங்கதி அது. அந்தப் புழுதியைச் சுற்றி அன்று காந்தப்புலம் இருந்ததா? இருந்தால், அதுதான் புழுதியைத் தள்ளிக் கிரகங்கள் உண்டாக வைத்ததா? படிக்கிற காலத்தில் அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்ட கேள்வி. பின்கட்டு அறையைக் கட்டியதே அதற்காகத்தான். பூமியின் காந்தம்கூட உள்ளே வராதபடி சுவரெல்லாம் தனி உலோகத் தகடு.

“எத்தனையோ மூணாம் வகை வந்துச்சு, அண்ணாச்சி. எல்லாத்தையும் யாராவது ஒருத்தர் காந்தம் வச்சுப் பாத்திருந்தாங்க. அறைக்குள்ள கொண்டுபோய் வச்சா, அந்தக் காந்தத்தைப் பத்தித்தான் சொல்லும். வெந்த கல்லுன்னா போனாப் போவுதுன்னு இருக்கலாம். இது அப்படி இல்லை.”

சுடலைமணியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

பாலைவனத்தில் கிடந்த காலத்தில் பூமியின் காந்தமும் கல்லில் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றார் எஸ்தர். அது மேலாகப் படிந்த தூசி. பக்குவமாகத் துடைத்தால் போய்விடும். அடியில் உள்ளது அப்படியே இருக்கும்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். சுடலைமணி கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் நினைத்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எஸ்தர் இன்னொன்றைத் தொடங்கினார்.

எஸ்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். தோளிலிருந்து ஊக்கை எடுத்தார். கூந்தலிலிருந்து கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. எல்லாவற்றையும் சுடலைமணியின் உள்ளங்கையில் வைத்தார். கல்லை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அறைக்கதவு சத்தமில்லாமல் மூடியது.

ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவர் கொண்டை ஊசிகளைப் பிடித்தபடி நின்றார்.

*

எஸ்தர் வெளியே வந்தபோது வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அவர் கையில் கல் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அதுதான் தாங்கவில்லை.

“கல்லு பேசிச்சு” என்றார் எஸ்தர்.

“என்ன சொல்லுச்சு, டீச்சர்?”

“உங்க காந்தத்தைப் பத்தி.”

கல்லை மேசையில் வைத்தார்.

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டார். துடைத்தால் போகாதா என்று கேட்டார். போகும் என்றார் எஸ்தர். துடைத்தும் பார்த்துவிட்டேன் என்றார். காந்தம் போய்விட்டது. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. பழையது ஏதாவது இருந்திருந்தாலும் அவ்வளவு பலமான காந்தம் அதையும் சேர்த்து அழித்திருக்கும். கல் பெரிதாக இருந்திருந்தால் நடுவிலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எலுமிச்சம்பழத்துக்கு நடு எங்கே இருக்கிறது?

“முன்னாடி என்ன இருந்துச்சு?”

எஸ்தர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“இருந்துச்சா இல்லையான்னாவது?”

கைகள் அப்படியே இருந்தன.

 தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு போனது.

“நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன்” என்றார் சுடலைமணி. “கண்ணைப் பத்திக் கேக்கீங்கன்னு நினைச்சேன்.”

“தெரியும்.”

“காந்தம் கடைசின்னு முதல் நாளே சொன்னீங்க.”

“சொன்னேன். ஏன்னு சொல்லலை. சொன்னா பயந்துக்கிட்டு எந்தக் கல்லையும் தொடமாட்டீங்கன்னு விட்டுட்டேன்.” எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த மாதிரிக் கல்லு உங்க கைக்கு வரும்னும் நான் நினைக்கலை, அண்ணாச்சி. அதுவும் இருக்கு.”

மறுபடி போய்த் தேடுகிறேன் என்றார் சுடலைமணி. கம்பை இன்றைக்கே உடைத்துவிடுகிறேன் என்றார். காற்று ஒருமுறை அடித்தால் தரை மாறிவிடும், மாறின தரையில் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும், ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்று கிடக்காதா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

“போங்க” என்றார் எஸ்தர். “கிடைக்கும்.”

“இதே மாதிரியா?”

“வேற ஏதாவது.”



எஸ்தர் கையை நீட்டினார். சுடலைமணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு உள்ளங்கையைத் திறந்தார். இறுக்கிப் பிடித்திருந்ததில் கொண்டை ஊசிகள் பதிந்து தோல் சிவந்திருந்தது. எஸ்தர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். ஊக்கைக் குத்திக்கொண்டார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகத் தொடங்கினார்.

“ஒண்ணு கேக்கேன்.”

“கேளுங்க, டீச்சர்.”

“காந்தம் வைக்கதுக்கு முன்னாடி உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?”

சுடலைமணி உடனே தலையசைத்தார்.

“இல்லை. நாலடி தள்ளி நிக்கும்போதே தெரிஞ்சிருச்சு. அதுதான்னு தெரிஞ்சிருச்சு.”

“பின்னே?”

அவர் தம் வலது கையைப் பார்த்தார். அது என்ன சொல்லப்போகிறது என்று காத்திருப்பவரைப்போல நின்றார்.

“நுனியில ஒரு இழுப்பு இழுக்கும், டீச்சர். அது கம்பு வழியா கைக்கு வரும். கல்லே ஆமான்னு சொல்லுத மாதிரி இருக்கும். அதை ஒரு தரம் கேக்கணும்னு இருந்துச்சு.”

எஸ்தர் கடைசி ஊசியைச் செருகினார்.

“அதான் சொல்லிருச்சே, அண்ணாச்சி.”